சாரல் மாசத்தில் ரிட்டர்ன் போடும் பிள்ளைகளுக்கு

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற ஆனி, ஆடியில்தான் சம்பளக்காரர்கள் வருமான வரி ரிட்டர்ன் போடவும் வேண்டியிருக்கிறது. கெடு ஜூலை 31. தென்காசிப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன் தாத்தா, எவ்வளவு திரும்பி வரும்?" அவர்களுக்கு என் பதில் இது.

1. முதலில் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து, நாம் வாய் திறக்காவிட்டால் புதிய முறைதான். அதில் ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கான 80டி கழிவு கிடையாது. பழைய முறையில்தான் உண்டு. ஆனால் 2025-26-இல் சம்பளம் 12,75,000 ரூபாயைத் தாண்டாத, வேறு வருமானமும் இல்லாதவருக்குப் புதிய முறையில் வரியே வராது. அவர் பிரீமியம் ரசீதைத் தேடி அலைய வேண்டாம். அதற்கு மேல் வாங்குபவர், வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வாடகைப்படி, பி.எஃப். எல்லாம் கணிசமாக இருந்தால், இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

2. பழைய முறைதான் லாபம் என்றால் கெடுவைத் தவறவிடாதீர்கள். தாண்டினால் அந்த வருஷம் பழைய முறை கிடைக்காது. ஐந்தருவியில் கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கலாம். இதற்குக் காத்திருக்கக் கூடாது.

3. கழிவு வருமானத்தில்தான், வரியில் அல்ல. 20 சதவீதம் வரி கட்டுகிறவர் 25,000 ரூபாய் பிரீமியம் கட்டினால் மிச்சமாவது செஸ் சேர்த்து 5,200 ரூபாய். ஏஜென்ட் இதை அழுத்திச் சொல்ல மாட்டார். ஆஸ்பத்திரிச் செலவை நினைத்துப் பாலிசி எடுங்கள், வரியை நினைத்து எடுக்காதீர்கள்.

4. உங்களுக்கும் மனைவி அல்லது கணவருக்கும் உங்களை நம்பியுள்ள பிள்ளைகளுக்கும் சேர்த்து 25,000. பெற்றோருக்குத் தனியாக 25,000. அவர்களுக்கு 60 வயது ஆகியிருந்தால் 50,000. அப்பா பென்ஷன் வாங்கினாலும் பிரீமியத்தை நீங்கள் கட்டினால் கழிவு உங்களுக்குத்தான். மாமனார் மாமியாருக்குக் கட்டியதை நீங்கள் காட்ட முடியாது. உங்கள் வீட்டம்மா தன் பணத்தில் கட்டி, தன் ரிட்டர்னில் காட்டலாம். அண்ணன், தங்கைக்குக் கட்டியது யாருக்கும் கழியாது.

5. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு போச்சு. உடல் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கம் செல்லும். பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம்; அதுவும் மேலே சொன்ன வரம்புக்குள்தான். பலரும் கோட்டைவிடுவது இன்னொன்று: 60 கடந்து, இன்சூரன்ஸே இல்லாத பெற்றோரின் வைத்தியச் செலவையே 50,000 வரை காட்டலாம். நம் கிராமங்களில் இப்படிப்பட்ட பெற்றோர்தானே அதிகம்? அம்மாவின் சுகர் மாத்திரைக்கு மெடிக்கலில் ஜிபேயில் பணம் போட்டு, பில்லை வாங்கி வையுங்கள்.

6. இரண்டு வருஷத்துக்கு மொத்தமாக 40,000 கட்டினால் வருஷத்துக்கு 20,000 என்று பிரித்துத்தான் காட்ட வேண்டும்.

7. கம்பெனி தன் செலவில் போடும் குரூப் பாலிசிக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் கழிவு கேட்காதீர்கள். அதில் உங்கள் பணம் எங்கே இருக்கிறது?

8. "சும்மா 25,000 போட்டு வை, யார் கேட்கப் போறா" என்பவர் பேச்சை நம்பாதீர்கள். இப்போது படிவமே இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரையும் பாலிசி எண்ணையும் கேட்கிறது. 2025 ஜூலையில் போலிக் கழிவுகளைத் தேடி வருமான வரித் துறை நாட்டின் பல இடங்களில் சோதனை போட்டது. மாட்டினால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் உங்கள் தலையில். எழுதிக் கொடுத்தவர் தலையில் அல்ல.

9. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். அதைத் தாண்டினால், சரிபார்த்த தேதிதான் ரிட்டர்ன் போட்ட தேதி ஆகும்; அந்தத் தேதி கெடுவைத் தாண்டியிருந்தால் பழைய முறையும் 80டியும் சேர்ந்தே கைவிட்டுப் போகும்.