பயிற்சி முறியும் விமானியின் உரிமையும்

கல்லூரியினின்று நீங்கித் தொழில் நாடுவார் பலர்க்கும் முதற்கண் நேர்வது ஒரு பத்திரத்திற் கையெழுத்திடுதலே. குறித்த ஆண்டுகள் பணிபுரிவதாகவும், இடையில் விலகின் குறித்த தொகை செலுத்துவதாகவும் உடன்படுதலே அதன் சாரமாம். உலக வழக்கில் இதனைப் 'பாண்டு' என்பர். இதன் வன்மையும் எல்லையும் விமானத் தொழிலின்கண் நன்கு புலப்படுதலின், அத்தொழிலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு சிறிது ஆராய்வாம்.

விமானி உரிமம் பெறுதல் ஒன்று. குறித்ததொரு வகை விமானத்தை ஓட்டும் தகுதி பெறுதல் மற்றொன்று. இந்திய நாட்டில் வணிக விமானி உரிமம் வேண்டுவோர் 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். எனினும், அவ்வுரிமம் பெற்றோரும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 முதலிய பெருவிமானங்களை உடனே ஓட்டுதல் இயலாது. அவ்வவ்வகைக்கெனத் தனியே பயின்று 'டைப் ரேட்டிங்' என்னும் தகுதியை எய்தல் வேண்டும். சிமுலேட்டர் என்னும் பொறியினுள் அமர்ந்து, எஞ்சின் நின்றுவிடுதல் முதலிய இடர்களைச் சமாளிக்கப் பழகல் வேண்டும். பின்னர்ப் பயணிகள் ஏறிய விமானத்திலேயே ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையிற் பறந்து தேறல் வேண்டும். இவற்றிற்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும்.

இச்செலவைக் கம்பெனியே ஏற்குமிடத்து அதற்கோர் அச்சம் உண்டாதல் இயல்பே. ஆலை முதலாளி வாங்கிய தறி ஆலையிலேயே நிற்கும். விமானிக்குக் கற்பித்த வித்தையோ விமானியோடு செல்லும். அதே வகை விமானமுடைய பிறிதொரு கம்பெனி, சிறு செலவிலேயே அவரைத் தன்பாற் பணிகொள்ளுதல் கூடும். இவ்வச்சத்தினின்று தோன்றியதே பயிற்சி முறி என்க.

இனி, இம்முறி பிணிப்பது ஆளையோ பொருளையோ என்பது வினா. ஆளையே பிணித்த ஓலைகள் நம் நாட்டில் உண்டு. பெரிய புராணத்தில், சுந்தரரை மணப்பந்தரில் மறித்த முதியவர், அவருடைய பாட்டனார் தம் வழித்தோன்றல்களோடு அடிமை புகுவதாக எழுதிக்கொடுத்த ஆளோலையைச் சான்றாகக் காட்டியதும், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் மூல ஓலையை நோக்கித் தீர்ப்புரைத்ததும் தமிழ் பயில்வார் அறிந்தனவே. ஆங்கில ஆட்சியிலும் இப்பிணிப்பு வேறு வடிவில் நின்றது. 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டத்தின்படி, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைக் கைவிடின், பணத்தைத் திருப்பித் தருமாறேனும் வேலையை முடிக்குமாறேனும் நீதிபதி ஆணையிடலாம். ஆணையை மீறினோர்க்கு 3 மாதம் வரை கடுங்காவல் உண்டு. அச்சட்டம் 1926-இல் ஒழிந்தது.

இக்காலச் சட்டமோ ஆளை விடுத்துப் பொருளையே நோக்குகின்றது. ஒருவர்தம் தனித்திறனைச் சார்ந்த பணியை அவர் செய்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதற்கு ஆதாரம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமோ, தன் 27-ஆம் பிரிவில், நேரிய தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கின்றது. அதன் 74-ஆம் பிரிவு, முறியில் எழுதிய தொகை எத்துணைப் பெரிதாயினும், வாதி பெறுவது நியாயமான ஈடே எனவும், எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பே எனவும் வகுக்கின்றது.

ஆயின் முறி வெறுங்கடிதமோ எனின், அன்று. செஞ்சுரி நூற்பாலை வழக்கில், டயர் நூல் நெய்யும் நுட்பத்திற் பயிற்சி பெற்று 5 ஆண்டுகளுக்கு உடன்பட்ட ஊழியர் ஒருவர் இடையில் விலகிப் போட்டி ஆலைக்குச் சென்றார். உடன்பட்ட காலத்துள் அங்ஙனம் பணிபுரியலாகாது என்னும் தடையை 1967-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்திற்று. விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டு முடியுமுன் விலகிய அலுவலர் 2 இலட்சம் ரூபாய் செலுத்தவேண்டும் என்னும் விதி செல்லும் என்று அந்நீதிமன்றமே 2025-இல் தீர்ப்பளித்தது. விலகும் உரிமையைப் பெயரளவினதாக்கும் பெருந்தொகை அஃதன்று என்பது அதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று. நம் ஆராய்ச்சிக்குரிய உரைகல் இதுவேயாம்: விலகுவோர் கொடுத்துவிட்டுச் செல்லக்கூடிய தொகை ஈடு ஆகும், கொடுக்க இயலாமையால் அவரை நிறுத்திவைக்கும் தொகை தளை ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். பயிற்சிச் செலவு 20 இலட்சம் ரூபாய், முறியின் காலம் 60 மாதம் என்று கொள்வோம். 36 மாதம் உழைத்து விலகுபவர், எஞ்சிய 24 மாதத்திற்குரிய 8 இலட்சத்தைக் கொடுத்தல் முறையெனத் தோன்றும். அவ்வாறன்றி, முதல் மாதத்தில் விலகினும் ஐம்பத்தொன்பதாம் மாதத்தில் விலகினும் முழுத் தொகையே என எழுதின், உழைப்பாற் கழிந்த கடனை மறுபடியும் கேட்டல் ஆகுமன்றோ?

இங்ஙனம் கூறுதலால், விமானி நினைத்தவுடன் நீங்கலாம் என்பது கருத்தன்று. பயிற்சி முறி வேறு, முன்னறிவிப்புக் காலம் வேறு. முன்னையது செலவைப் பற்றியது. பின்னையது பயணிகளைப் பற்றியது. பதிலாள் ஆயத்தமாகுமுன் பலர் ஒருங்கே விலகின், விமானங்கள் நின்றுபோம். சீட்டு வாங்கினோர் தவிப்பர். ஆதலின் 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், கமாண்டர்க்கு ஓர் ஆண்டும் துணை விமானிக்கு 6 மாதமும் முன்னறிவிப்புக் காலமாக வகுத்தது. 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனம், தன் விமானிகள் 43 பேர் அக்காலம் முடியுமுன் விலகினர் என நீதிமன்றத்தை நாடிற்று. எனினும், ஓராண்டு என்பது நீண்ட காலமே. ஊதியம் தவறுதலும் ஓய்வின்றிப் பணி ஏவுதலும் உள்ளவிடத்து, அவ்விதியே தளையாகிவிடல் கூடும். விமானி இருந்து பணிபுரிதல் கடமையாயின், இருக்கத்தக்க நிலையை அமைத்தல் கம்பெனியின் கடமையாம்.

மாணவ நண்பர்காள்! விமானியாகச் செல்வார் நம்முட் சிலரே, முறியெழுதுவார் பலர். கையெழுத்திடுமுன் ஐந்து வினாக்களை எழுப்புக. எழுதிய தொகை உண்மையான செலவை ஒட்டியதோ? மாதந்தோறும் அது குறைகின்றதோ? கம்பெனியே நம்மை நீக்கின் அக்கடன் ஒழியுமோ? பிணையாகக் கையொப்பமிடும் தந்தையார்க்கும் தமையனார்க்கும் அதன் பாரம் தெரியுமோ? நம் மூலச் சான்றிதழ்கள் நம் கையிலேயே இருக்குமோ? இவற்றிற்கு வாய்மொழியால் விடை பெறுதல் போதாது. எழுத்திற் பெறுதல் வேண்டும்.

கற்பித்தவர்க்குரிய செலவை மறுத்தல் அறமன்று. அச்செலவைக் காட்டிக் கற்றவரை ஆட்கொள்ளுதலும் அறமன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே நேரிய முறி. அதனை அறிந்து கையெழுத்திடுவோர், சொன்ன சொல்லையும் காப்பர். தம் உரிமையையும் இழவார்.