தொடாது சூடறிதல்

கொல்லன் உலையிலிட்ட இரும்பின் நிறத்தை நோக்கியே அதன் சூட்டை மதிப்பிடுகின்றான். செந்நிறம் பொன்னிறமாகிப் பின் வெண்ணிறமாகுங்கால் சூடு மேன்மேலும் மிகுவதைத் தொழிற் பழக்கத்தால் அவன் உணர்வான். ஆனால், உலையினின்று எடுத்த இரும்பு கறுத்த பின்னரும் அருகில் நீட்டிய கையைச் சுடுகின்றதன்றோ? ஒளி மறைந்தாலும் கதிர் மறைவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அக்கதிரை அகச்சிவப்புக் கதிர் என்பர்.

இதனைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர். 1781-ஆம் ஆண்டில் யுரேனசுக் கோளைக் கண்டு புகழெய்திய அவர், 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஞாயிற்றின் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தி, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றினும் மிகுந்த சூட்டைக் காட்டிற்று.

எப்பொருளும் தன் சூட்டிற்கேற்பக் கதிரை ஓயாது வெளியிடுகின்றது. கைத்துப்பாக்கி போன்ற வடிவமுடைய அகச்சிவப்பு வெப்பமானி அக்கதிரை வில்லையாற் குவித்து, உணரியின்மேல் விழச்செய்து, எண்ணாக மாற்றிக் காட்டுகின்றது. தொட வேண்டுவதில்லை, காத்திருக்கவும் வேண்டுவதில்லை. இவ்வெளிமையே இடருக்கும் காரணமாகும். விசையை அழுத்திய எவருக்கும் கருவி ஓர் எண்ணைக் காட்டிவிடும். அஃது எதன் சூடு என்று சொல்லாது.

அடுப்பங்கரையிலேயே இதனைச் சோதித்தறியலாம். நாட்பட்ட பயன்பாட்டாற் கறுத்த இரும்புத் தோசைக்கல்லை நோக்கி அளந்தால், கருவி ஏறக்குறைய உண்மையையே கூறும். அருகில், பளபளவென்று துலக்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் நீர் கொதித்துக்கொண்டிருக்கட்டும். அதன் புறச்சுவர் 100 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். கருவியோ 40 அல்லது 50 பாகை என்று காட்டக்கூடும்! மெருகேறிய உலோகம் தன் கதிரைச் சிறிதளவே வெளியிடும். அறைச்சுவரிலிருந்து வரும் கதிரையோ ஆடிபோலத் திருப்பி அனுப்பும். ஆகவே, கருவி பெரும்பாலும் அளந்தது சுவரின் சூட்டையே.

இவ்வேறுபாட்டை ஸ்காத்லாந்து அறிஞர் ஜான் லெஸ்லி 1804-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே விளக்கியுள்ளார். வெந்நீர் நிறைத்த ஒரே பெட்டியின் கரிய பக்கம் மிகுதியாகவும், மெருகிட்ட பக்கம் மிகக் குறைவாகவும் வெப்பக் கதிரை வீசுவதை அவர் காட்டினார். இத்தன்மைக்கு உமிழ்திறன் என்பது பெயர். அதன் பேரளவு 1. மனிதத் தோலுக்கு அது 0.98 அளவினது; மெருகிட்ட அலுமினியத்திற்கோ 0.1-க்கும் குறைவு. கருவிகள் பலவும் 0.95 என்னும் அளவைக் கொண்டே கணக்கிடுகின்றன.

தொழிற்சாலையில் நீராவிக் குழாயின் பளபளப்பான பரப்பை அளந்து, 40 பாகைதானே என்று நம்பித் தொட்ட கை வெந்துபோகும். மின்நிலையத்தில் தளர்ந்த செப்பு இணைப்பொன்று தீப்பற்றுமளவிற்குக் காய்ந்திருந்தும், அதன் மெருகினால் குளிர்ந்ததெனத் தோன்றும். இதற்கு மாற்று எளிது. பரப்பின்மேல் கறுப்பு மின்காப்பு நாடாவை ஒட்டி, அது சூடேறிய பின் நாடாவையே அளக்கலாம். நாடா தாங்காத சூடாயின், வெப்பந்தாங்கும் மெருகற்ற வண்ணத்தைப் பூசவேண்டும். மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே மின்கம்பியில் எதனையும் ஒட்டவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தொலைவும் கருதத்தக்கது. கருவியில் 12:1 எனப் பொறித்திருப்பின், 12 அங்குலத் தொலைவில் 1 அங்குல விட்டமுள்ள வட்டத்தின் சராசரிச் சூட்டை அது காட்டும். 3 அடி தள்ளி நின்றால் அவ்வட்டம் 3 அங்குலமாகிவிடும். அந்நிலையில் சிறு திருகாணியை அளப்பவன், அதனைச் சூழ்ந்துள்ள பலகையையும் சேர்த்தே அளக்கின்றான். செம்புள்ளியாகத் தோன்றும் லேசர் ஒளி குறிகாட்டுவதற்கே உரியது, அஃது அளப்பதில்லை. சன்னற் கண்ணாடிக்கு அப்பாலுள்ள பொருளையும் இக்கருவியால் அளக்கவொண்ணாது. கண்ணாடியின் சூட்டையே அது கூறும்.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காலத்தில் வாயில்தோறும் நெற்றியை நோக்கி நீட்டப்பட்ட கருவியும் இவ்வினத்ததே. ஆயினும், உடற்சூட்டின் குறுகிய எல்லைக்கென அமைந்த அதனைத் தோசைக்கல்லின்முன் நீட்டிப் பயனில்லை. வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றியையும் அதனால் உடனே அளத்தலாகாது. அவரைச் சிறிது நேரம் நிழலில் அமரச்செய்து, வியர்வை ஆறிய பின்னரே அளத்தல் வேண்டும்.