பாதிப் பணம் கட்டினால் போதும் என்று வங்கி சொன்னால்...

மாதக் கடைசி நெருங்கும்போதுதான் பெரும்பாலும் அந்த போன் வரும். "சார், மூணு லட்சத்து நாப்பதாயிரம் நிலுவையில இருக்கு. முப்பதாம் தேதிக்குள்ள ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் கட்டிட்டீங்கன்னா அக்கவுண்டை முடிச்சிடலாம். அடுத்த மாசம் இந்த ஆஃபர் இருக்காது."

வேலை போய் ஏழெட்டு மாதமாகி, கிரெடிட் கார்டு பாக்கி கழுத்தை நெரிக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு வரமாகத்தான் காதில் விழும். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். "கடிதமா அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பது போதும். வசூல் ஊழியருக்கு மாத இலக்கு உண்டு. முப்பதாம் தேதிக் கெடு அந்த இலக்குக்கானது. கெடு தாண்டினாலும் பேச்சுவார்த்தை பெரும்பாலும் தொடரும்.

கடிதம் வந்ததும் முதல் வேலை, அந்த மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தைப் பிரித்துப் பார்ப்பது. கணக்கு அறிக்கை கேட்டு வாங்குங்கள். அதில் அசல் 1,80,000 ரூபாய்தான், மீதி 1,60,000 ரூபாய் வட்டி, தாமதக் கட்டணம், அவற்றின் மீதான ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றாலே வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும் என்பதால், இப்படி ஏறுவதற்கு அதிக காலம் ஆகாது. போனில் "நாப்பத்து நாலு சதவீதம் தள்ளுபடி" என்றார்கள். ஆனால் 1,90,000 கட்டினால் வாங்கிய அசல் முழுவதையும் கொடுத்து, மேலே பத்தாயிரமும் கொடுக்கிறீர்கள். வங்கி விட்டுக்கொடுப்பது வட்டியில் மட்டும்தான், அசலில் ஒரு ரூபாய்கூட இல்லை. இது தெரிந்துவிட்டால் பேரம் பேசத் தயக்கம் வராது. ஒன்றரை லட்சத்துக்கும் கீழே கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை.

பேரத்தை ஏஜென்ட்டோடு முடிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். சமரசத் தீர்வுகளுக்கு இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை இருக்க வேண்டும், கடன் கொடுக்க ஒப்புதல் அளித்தவரைவிட மேல்நிலையில் உள்ளவர்தான் தீர்வுக்கு ஒப்புதல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ஆம் தேதி வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தொகை வெறும் பேச்சு.

இனி இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. முழுதாகக் கட்டினால் சிபில் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வரும். குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். இந்தக் கடன் வரலாற்றை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்கும். வீட்டுக் கடனுக்குப் போனால் அதிகாரியின் கண் முதலில் போய் நிற்பது அந்த ஒரு சொல்லில்தான். விவசாயக் கடன் தவிர மற்றவற்றில், தீர்வு கொடுத்த அதே வங்கி குறைந்தது 12 மாதம் உங்களுக்குப் புதுக் கடன் தரக்கூடாது என்பதும் விதி.

வேலை தேடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் பாதகமான சிபில் பதிவால் ரத்தானது. அந்த ரத்தை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. கடன்களைக் கட்டி முடித்துவிட்டேன் என்ற வாதம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், நிதி நிறுவனத்தில் வேலைக்கு முயல்பவர் எல்லாம் 'செட்டில்டு' பக்கம் போகாமலிருக்க முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும்.

அதனால் என் கருத்து இதுதான். இரண்டு ஈஎம்ஐ தவறியிருக்கிறது, புது வேலையும் கையில் வந்துவிட்டது என்றால் தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள். தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள், கார்டு பாக்கியை ஈஎம்ஐயாக மாற்றுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் 90 நாள் தாண்டிக் கணக்கு வாராக்கடனாகிவிட்டது, வருமானம் பாதியாகிவிட்டது, முழுத்தொகைக்கு எந்த வழியும் தெரியவில்லை என்றால் கதை வேறு. சிபில் ஸ்கோர் ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதைக் காப்பாற்றுவதாக நினைத்து இன்னும் இரண்டு வருடம் வட்டியை ஏறவிடுவதில் அர்த்தமில்லை. கட்ட முடிந்த தொகைக்குத் தீர்வு கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கட்டும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். லோன் ஆப்பில் வாங்கிச் செட்டில் செய்வது கடனை இடம் மாற்றுவதுதான். பிஎஃப் பணத்தை எடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அந்தப் பணத்தைக் கடனுக்காக நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது. சட்டமே காத்து வைத்திருக்கும் பணத்தை, அடமானம் இல்லாத கார்டு கடனுக்காக நீங்களே எடுத்துக் கொடுப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும். சம்பளக் கணக்கும் கடன் வாங்கிய வங்கியிலேயே இருந்தால், புது வேலையில் சேரும்போது சம்பளத்தை வேறு வங்கிக்கு வரவைக்கப் பாருங்கள். அதே வங்கியில் இருந்தால், சம்பளம் ஏறிய அன்றே பாக்கிக்காகப் பிடித்துவைக்க வாய்ப்புண்டு.

தவணையில் செட்டில்மென்ட் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்து, பழைய நிலுவை முழுவதும் திரும்பும் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். மூன்றாவது தவணைக்கான பணம் உறுதியில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில், வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். கடன் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, இதைக் கட்டியதும் வேறு பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம் ஆகிய நான்கும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். செக் பவுன்ஸுக்கு 138-ஆம் பிரிவின் கீழ் வழக்கோ, ஆட்டோ டெபிட் திரும்பியதற்கு வழக்கோ போட்டிருந்தால், அதை வாபஸ் வாங்குவதாக எழுதியிருக்க வேண்டும். ஜாமீன் போட்டவர் இருந்தால் அவரும் விடுவிக்கப்படுகிறாரா என்று கேளுங்கள். பணத்தைக் கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். ஏஜென்ட்டின் யுபிஐக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், கையில் ரொக்கமும் தராதீர்கள்.

பழைய கடனுக்கு ஓர் எச்சரிக்கை. அடமானம் இல்லாத இத்தகைய கடனுக்கு வழக்குப் போடச் சட்டம் பொதுவாக மூன்று வருடம்தான் தருகிறது. அது முடிவதற்குள் "டோக்கனா ஒரு ஐயாயிரம் கட்டுங்க" என்று கேட்டுக் கட்டிவிட்டாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டாலோ, மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும். சந்தேகமிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அவர்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் வங்கிகள் இறங்கி வருவதுண்டு. ஆனால் அங்கே எழுதப்படும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்றிதழையும், கொடுத்துவைத்த செக்குகளையும் திரும்ப வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒன்று இலவசமாகத் தர வேண்டும். நிலுவை இன்னும் காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி அசையவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448. கையெழுத்துப் போடும் முன்பே இன்னொன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள்: தள்ளுபடியான தொகையைப் பின்னாளில் கட்டினால் 'செட்டில்டு' என்பதை 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவார்களா? சில வங்கிகள் மாற்றித் தருகின்றன.