காத்திருக்காத பழம்

நீங்கள் பீச் பழம் பார்த்திருக்கிறீர்களா?

அது உருண்டையான பழம். மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம். தோலின் மேல் மெல்லிய ரோமம் இருக்கும். தொட்டால் பூனைக்குட்டியின் காதைத் தொட்டது போல் இருக்கும். உள்ளே சாறு நிறைந்த சதை. நடுவில் ஒரே ஒரு கொட்டை. கொட்டையின் மேல் ஆழமான சுருக்கங்கள்.

தமிழ் அகராதியில் இதற்குக் குழிப்பேரி என்று பெயர். கடைக்காரர்கள் பீச் என்றே சொல்வார்கள். இந்தியில் ஆடூ என்பார்கள். இந்தி தெரியாதவர் கேட்டால், ஆட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்!

நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பீச் மரங்கள் உண்டு. ஆனால் நம் நாட்டில் இந்தப் பழம் அதிகமாக விளைவது வடக்கே. இமாசலப் பிரதேசத்தில் சிர்மௌர் மாவட்டம் இருக்கிறது. அங்கே ராஜ்கர் என்று ஒரு மலை ஊர். சுற்றிலும் பீச் தோட்டங்கள். அதனால் அந்தப் பகுதியைப் பீச் பள்ளத்தாக்கு என்றே சொல்வார்கள். அங்குள்ள ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

குளிர் கேட்கும் மரம்

அந்தக் குடும்பத்தில் ஒரு பாட்டி, மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன். பாட்டியைப் பேரன் 'தாதி' என்று அழைப்பான். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு இந்தியில் அதுதான் பெயர். மருமகள் மாமியாரை 'அம்மாஜி' என்பாள். அவர்களுக்குச் சரிவான நிலத்தில் அறுபது பீச் மரங்கள் இருந்தன. அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது.

பீச் மரம் குளிர்காலத்தில் எல்லா இலைகளையும் உதிர்த்துவிட்டுத் தூங்கும். அந்தத் தூக்கம் கலைய வேண்டுமானால், பல நூறு மணி நேரம் குளிர் பட வேண்டும். குளிர் போதாவிட்டால் சரியாகப் பூக்காது. அதனால்தான் மதுரையிலோ திருச்சியிலோ பீச் கொட்டையை நட்டால் மரம் வந்தாலும் காய் பிடிப்பதில்லை. குறைந்த குளிரே போதும் என்னும் ரகங்களும் உண்டு. அவை பஞ்சாப் சமவெளியில் விளைகின்றன.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை வருவதற்கு முன்பே மரம் முழுவதும் இளஞ்சிவப்புப் பூ பூக்கும். போன ஆண்டு வளர்ந்த கிளையில்தான் இந்த ஆண்டு காய் வரும். அதனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். காய் நெருக்கமாகப் பிடித்தால், பிஞ்சுகளில் பலவற்றைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் மீதிப் பழங்கள் பெரிதாகும்.

"பிஞ்சைக் கிள்ளும்போது மனசு வலிக்கும். கிள்ளாவிட்டால் பை வலிக்கும்" என்று தாதி சிரித்துக்கொண்டே சொல்வார்.

எங்கிருந்து வந்தது?

பீச் பழத்தின் பிறந்த ஊர் சீனா. பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே இதைப் பயிர் செய்கிறார்கள். நீண்ட ஆயுளுக்கு அடையாளமாகப் பீச் பழத்தின் படத்தை வரைகிறார்கள். சீனாவிலிருந்து இது பாரசீகம் போனது. பாரசீகத்திலிருந்து ஐரோப்பா போனது. ரோமானியர் இதைப் பாரசீகத்துப் பழம் என்று நினைத்து அப்படியே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் தேய்ந்து தேய்ந்து பீச் என்று ஆனது.

இந்தியாவுக்கு எப்படி வந்தது? 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் என்ற சீனத் துறவி நம் நாட்டுக்கு வந்தார். கனிஷ்கர் காலத்தில் சீனப் பக்கத்திலிருந்து வந்து தங்கியவர்கள் பீச் பழத்தை இங்கே கொண்டுவந்தார்கள் என்று அவர் எழுதி வைத்தார். அப்படிப் பார்த்தால், இது நம் நாட்டில் வெகு காலமாக இருக்கும் விருந்தாளி.

லாரி வராத நாள்

ஒரு ஜூலை மாதம். பழம் பறிக்கும் நேரம். பீச் பழம் மாம்பழம் போல, பறித்த பிறகும் பழுக்கும். கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே பறித்துப் பெட்டியில் அடுக்கி டில்லிக்கு அனுப்புவார்கள். முழுதாகப் பழுத்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அழுத்தினால் கன்றிவிடும். கன்றிய இடம் அழுகத் தொடங்கும்.

மகன் நாற்பது பெட்டி கட்டி வைத்திருந்தான். அன்று இரவு பலத்த மழை. மலை சரிந்து சாலையில் மண் விழுந்தது. லாரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீடு முழுவதும் பழ வாசம். அந்த வாசம் அன்று யாருக்கும் பிடிக்கவில்லை. வங்கிக் கடன் தவணை கட்ட வேண்டிய மாதம் அது.

"பழம் நமக்காகக் காத்திருக்காது. பழுத்ததையெல்லாம் ஜாம் காய்ச்சிவிடலாம், அம்மாஜி" என்றாள் மருமகள்.

மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து பழங்களைப் பிரித்தார்கள். கெட்டியானவை ஒரு பக்கம். பழுத்தவை ஒரு பக்கம். பூசணம் பிடித்தவை எருக்குழிக்கு. பழுத்தவற்றை நறுக்கத் தொடங்கினார்கள். கொட்டைகள் திண்ணையில் குவியலாகச் சேர்ந்தன.

கொட்டைக்குள் என்ன?

பேரன் அந்தக் கொட்டைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். கல்லால் உடைத்தான். உள்ளே பாதாம் போல ஒரு பருப்பு. மலைப் பகுதியில் இனிப்பு ரகச் சர்க்கரைப் பாதாமியின் பருப்பைத் தின்பது வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தான். கடித்துப் பார்த்தான். கசந்தது. உடனே வெல்லம் கொண்டுவந்து, இருபது முப்பது பருப்பை அதோடு சேர்த்து இடித்தான். மிட்டாய் செய்து தின்றுவிட்டான்.

அரை மணி நேரம் கழித்து, "தாதி, தலை சுத்துது" என்று வந்தான். வாந்தி எடுத்தான். மூச்சு வேகமாக வாங்கியது.

"வெயில் இல்லாமல் மழையில் ஆடினான். பித்தம்தான். இஞ்சிச் சாறு கொடுத்துப் படுக்க வை" என்றார் தாதி.

மருமகள் கொல்லைக்கு ஓடிப் பார்த்தாள். உடைத்த ஓடுகள் கிடந்தன. அம்மிக்கல்லில் வெல்லத்தோடு மிச்சம் ஒட்டியிருந்தது. அவள் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு முறை படித்திருந்தாள்: பீச், ஆப்ரிகாட் ஆகியவற்றின் கசப்புப் பருப்பைத் தின்னக் கூடாது.

"அம்மாஜி, இது பித்தம் இல்லை. விஷம். இப்போதே போக வேண்டும்" என்றாள்.

"நாங்களும் சின்ன வயதில் ஒன்றிரண்டு தின்றோமே?"

"ஒன்றிரண்டு வேறு. இவன் ஒரு கைப்பிடி தின்றிருக்கிறான்."

மிச்சமிருந்த பருப்பை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள். 108க்குப் போன் செய்தார்கள். மண் சரிந்த இடம்வரை மகன் பையனைத் தோளில் சுமந்து நடந்தான். மறுபக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. அரசு மருத்துவமனையில் மருத்துவர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். உடனே புரிந்துகொண்டார். பிராணவாயு வைத்துச் சிகிச்சை தொடங்கினார். இரவு முழுவதும் பார்த்துக்கொண்டார்கள். விடியும்போது பையன் பசிக்கிறது என்றான்.

"என்ன தின்றான் என்று தெரிந்ததால் நேரம் வீணாகவில்லை" என்றார் மருத்துவர்.

பீச் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. பருப்பை மென்றாலோ இடித்தாலோ அதிலிருந்து சயனைடு என்ற கொடிய விஷம் உண்டாகிறது. கசப்பு அதற்கு ஓர் எச்சரிக்கை. வெல்லம் கசப்பை மறைக்கும். விஷத்தைப் போக்காது. பழத்தின் சதையில் இந்த ஆபத்து இல்லை. சதையைத் தாராளமாக உண்ணலாம்.

பழத்தில் என்ன சத்து?

100 கிராம் பீச் பழத்தில் சுமார் 88 கிராம் தண்ணீர்தான். சர்க்கரை சுமார் 8 கிராம். நார்ச்சத்து உண்டு. அது மலச்சிக்கலைக் குறைக்க உதவும். பொட்டாசியம் என்ற தாது உண்டு. மஞ்சள் சதையுள்ள பழத்தில் கண்ணுக்கு நல்லதான சத்தும் உண்டு. வைட்டமின் சி கொஞ்சம் உண்டு.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்க் கொய்யாப் பழத்தில் வைட்டமின் சி இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. நெல்லிக்காயிலும் அப்படித்தான். விலை கூடிய பழத்தில்தான் சத்துக் கூடுதல் என்று நினைக்கக் கூடாது. பீச் கிடைத்தால் சாப்பிடலாம். கிடைக்காவிட்டால் குறை இல்லை. இது மருந்தும் அல்ல. இரத்தசோகை உள்ளவர்களுக்குக் கீரையும் பயறும் வேண்டும். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எவ்வளவு உண்ணலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிலருக்குப் பீச் தின்றால் உதடும் வாயும் அரிக்கும். அவர்கள் தின்னாமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு உண்ண வேண்டும். ரோமத்தில் தூசியும் பூச்சிமருந்தும் ஒட்டியிருக்கும்.

ஜாம் செய்யும் முறை

1. நன்றாகப் பழுத்த, அழுகாத பழம் எடுக்க வேண்டும். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். தோல் எளிதாக உரிந்து வரும்.

2. கொட்டையை நீக்கிச் சதையை நறுக்க வேண்டும். கொட்டையை உடைத்துப் பருப்பைச் சேர்க்கக் கூடாது.

3. 1 கிலோ சதைக்கு முக்கால் கிலோ சர்க்கரை. இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும்.

4. ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட வேண்டும். ஓடாமல் நின்றால் பதம் வந்துவிட்டது.

5. வெந்நீரில் கொதிக்க வைத்து உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் சூடாக நிரப்பி இறுக மூட வேண்டும்.

விற்பதற்காகச் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சுவரில் எழுதியவர்

மூன்றாம் நாள் சாலை திறந்தது. நாற்பது பெட்டியில் இருபத்திரண்டு பெட்டிதான் டில்லிக்குப் போனது. மீதியில் பாதி ஜாம் ஆனது. பாதி எருக்குழிக்குப் போனது. அந்த மாதத் தவணையைக் கட்ட முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஜாம் விற்ற பணத்தையும் சேர்த்துக் கட்டினார்கள்.

தாதி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் மருமகளை அழைத்தார். "பித்தம் என்று சொல்லிப் படுக்க வைத்திருப்பேன், மகளே" என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

தாதி அறுபது வயதில் எழுத்துப் படித்தவர். அதுவரை கையெழுத்துப் போட மட்டுமே அதைப் பயன்படுத்தினார். அன்று ஒரு கரித்துண்டை எடுத்தார். பழம் நறுக்கும் திண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்:

'கொட்டையை உடைக்காதே. குழியில் போடு.'

பேரன் அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு தன் கையாலேயே கொட்டைகளை வாரிக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினான்.

நினைவில் வையுங்கள்

பீச், ஆப்ரிகாட் ஆகியவற்றின் கசப்புப் பருப்பைத் தின்னக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் கொட்டைகளைப் புதைத்துவிட வேண்டும்.

யாராவது தின்று தலைசுற்றல், வாந்தி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே 108க்கு அழைக்க வேண்டும். கை வைத்தியம் செய்யக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தின்ற பொருளின் மிச்சத்தை எடுத்துச் செல்ல வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. மதுரையில் பீச் மரம் ஏன் காய்ப்பதில்லை?

2. மருமகள் பருப்பைக் காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்றது எதற்காக?

3. உங்கள் ஊரில் எந்தப் பழம் அதிகமாக விளைந்து வீணாகிறது? அதை என்ன செய்யலாம்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டுச் சுவரில் ஓர் எச்சரிக்கை எழுத வேண்டும் என்றால், என்ன எழுதுவீர்கள்? இரண்டு வரியில் எழுதுங்கள்.