ஏற்காடு ஏற ஹெரால்டா, ஃபியட்டா?

கேள்வி: 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றும் 1967 மாடல் ஃபியட் 1100 ஒன்றும் ஒரே நேரத்தில் விலைக்கு வந்திருக்கின்றன. மாதம் ஒருமுறை மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஏற்காடு போய்வருவேன். ஃபியட்டுக்கு சிசி அதிகம், அதுதான் நன்றாக இழுக்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக். சரிதானா?
– வாசகர், சேலம்

பதில்: சிசி அதிகம்தான். ஃபியட்டுக்கு 1089, ஹெரால்டுக்கு 948. குதிரைசக்தி முறையே சுமார் 40, 35. ஆனால் ஃபியட் ஏறக்குறைய 900 கிலோ. ஹெரால்ட் 800 கிலோதான். சக்தியை எடையால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கணக்கில் வந்து நிற்கும். நான்கு பேர் ஏறிய பிறகு ஃபியட் துளி முந்தும், அவ்வளவே. கொண்டை ஊசி வளைவில் இரண்டுமே மூச்சு வாங்கும். முதல் கியருக்கு இரண்டிலும் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓட்டத்தில் போட்டால் பல் கடிக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் நான் யோசிப்பேன். ஃபியட்டின் பின்பக்கம் ஒரே நேரான ஆக்சில், இரண்டு பட்டை ஸ்பிரிங். பழைய ஏற்பாடு, ஆனால் சொன்னபடி கேட்கும். ஹெரால்டில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனியாக ஊஞ்சல்போல ஆடும். பாரம் ஏற்றினால் சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும், டயரின் உள்பக்கம் தேயும். வேகமாக வளைவில் நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வால் சட்டென்று விலகும். இங்கே அந்த அமைப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. அதனால்தான் பின்னர் ஹெரால்டிலிருந்து உருவான கேஸல் காருக்கு மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் கம்பெனி நேரான ஆக்சிலே வைத்தது.

ஆனாலும் ஹெரால்ட் என்றால் எனக்கு ஒரு சபலம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்–ட்ரயம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஆலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. வேறு வழியின்றி, தனி சேஸியின் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். இத்தாலிய டிசைனர் மிக்கெலோட்டி அதற்கு அழகு சேர்த்தார். பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னால் கவிழும். முன்டயரில் உட்கார்ந்துகொண்டே பிளக் மாற்றலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும், அப்படியொரு சௌகரியம் ஃபியட்டில் இல்லை. ஆனால் இணைப்புகள் அதிகம் என்பதால் மழையில் உள்ளே ஒழுகும்.

உங்களுக்கு ஃபியட்தான். நான்கு கதவு; 1966 ஹெரால்டுக்கு இரண்டே. பிள்ளைகள் ஏறி இறங்க ஒவ்வொரு முறையும் முன்சீட்டை மடக்க வேண்டும். தவிர, அதே ஃபியட் பிறகு பத்மினி என்ற பெயரில் 90களிலும் ஓடியதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஃபியட்டுக்குத் தனி சேஸி கிடையாது, பாடிதான் எல்லாம். மிதியடியைத் தூக்கி அடித்தகட்டையும் கதவுக்குக் கீழுள்ள படியையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வாங்காதீர்கள். டிங்கரிங் செலவு காரின் விலையைத் தாண்டும்.

மனசு ஹெரால்ட் பக்கமே போனால், விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: முன்சக்கரம் திரும்பும் கீழ் இணைப்பான ட்ரன்னியனுக்கு என்ன போடுகிறீர்கள்? கிரீஸ் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதற்குக் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் அடைத்து, உள்ளே துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் இணைப்பு முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.