கரையோரக் காடும் கணக்கில் வராத செலவும்

சிலாங்கூர் மாநிலத்தில் கேரித் தீவு போன்ற கரையோரப் பகுதிகளில், கடல் பெருக்கெடுக்கும் வேளையில் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தோட்ட நிலங்கள் உண்டு. மண்ணணையும் மதகும் இருப்பதனாலேயே அங்கே செம்பனை நிற்கிறது. அணைக்கு வெளியே சேற்றில் வளரும் பாக்காவ் மரங்களை, அதாவது அலையாத்திக் காட்டை, நம்மில் பலர் கொசு பெருகும் இடமென்றே எண்ணி வந்துள்ளோம்.

அலை அக்காட்டினுள் புகும்போது வேர்களில் மோதி வலுவிழக்கிறது. அது சுமந்துவரும் சேறு வேர்களிடையே படிகிறது. காடு அழிந்தால் அலை நேரே அணையின் அடியை அரிக்கும். பின்னர்க் கருங்கல் ஏற்றிவந்து அடுக்க வேண்டும். பழுதுபார்க்கவும் பணம் வேண்டும். 1980களின் நடுவில் நடந்த தேசியக் கடலரிப்பு ஆய்வு, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளமான நம் கடற்கரையில் 29 விழுக்காடு அரிக்கப்பட்டு வருவதாகக் கண்டது. அத்தனையும் காடழிவின் விளைவன்று. ஆயினும் காடு அழிந்த இடத்தில் அரிப்பு விரைவுபடுகிறது. அணை உடைந்து உப்புநீர் புகுந்தால் செம்பனை வாடிக் காய்ப்புக் குறையும்.

காட்டை வெட்டிப் பயிரிட்டால் நிலமாவது இலாபமன்றோ என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அச்சேற்றில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாது உண்டு. நீரில் மூழ்கியிருக்கும்வரை அதனால் தீங்கில்லை. ஆழமாக வடிகால் வெட்டி மண்ணை உலர்த்தினாலோ, காற்றுப்பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது. வெட்டிய மண்ணில் வைக்கோல் நிறப் புள்ளிகளையும், வடிகாலில் துருநிற நீரையும் கண்டவர்கள் நம்மிடையே இருப்பார்கள். வடிகாலில் தடுப்பு வைத்து நீர்மட்டத்தை உயர்த்திய பின்னரே இத்தகைய நிலங்களில் விளைச்சல் மீண்டது.

இறாலும் நண்டும் பலவகை மீன்களும் குஞ்சுப் பருவத்தில் இக்காட்டு நீரிலேயே வளர்கின்றன. அவை குறைந்தால் மீனவர் நெடுந்தூரம் செல்ல வேண்டும். அந்த எண்ணெய்ச் செலவு சந்தையில் நம் தலையில் விழுகிறது.

காட்டைத் தொடவே கூடாதென்று நாம் கூறவில்லை. பேராக்கின் மாத்தாங்கில் ஏறத்தாழ 40,000 ஹெக்டர் அலையாத்திக் காடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பேணப்படுகிறது. 30 ஆண்டுச் சுழற்சியில் பகுதி பகுதியாக மரம் வெட்டி மீண்டும் வளர்க்கிறார்கள்; கடலோரத்தில் காப்புக்காடு நிற்கிறது. கோல செபெத்தாங் கரிச்சூளைகளுக்கு விறகு அங்கிருந்தே வருகிறது. 1885ல் நாட்டின் முதல் இரயில் தைப்பிங்கிலிருந்து சென்றடைந்த போர்ட் வெல்ட் இவ்வூரே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் நாட்டில் 68 உயிர்களைக் கவர்ந்தது. பினாங்கிலும் கெடாவிலும் இழப்பு மிகுதி. மறு ஆண்டே அரசாங்கம் கரையோரத்தில் மரக்கன்று நடும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆனால் சேறு அரிபட்டுப் போன இடத்தில் கன்று வேர்பிடிக்குமுன் அலை அதைப் பெயர்த்துவிடும். அத்தகைய இடங்களில் முதலில் கடலுக்குள் தடுப்பு அமைத்து, அதன் பின்னால் சேறு படியக் காத்திருந்து, பிறகே நட வேண்டியுள்ளது.