இன்ஜின் தண்ணி அடிக்குதா?

வேறு எங்கே இந்தக் கேள்வியைக் கேட்டாலும் வீட்டில் சண்டை வரும். கடற்கரையில் மட்டும் இது மரியாதையான விசாரிப்பு. விடியற்காலை நாலு மணிக்கு ஃபைபர் படகை அலைக்குள் தள்ளி, கயிற்றைச் சுண்டி அவுட்போர்டைக் கிளப்பியதும், முன்னால் நிற்பவர் பின்னால் இருப்பவரிடம் முதலில் கேட்பது இதுதான்: "தண்ணி அடிக்குதா?" இன்ஜின் மூடிக்குக் கீழே பின்பக்கம் சின்னதாக ஒரு துளை இருக்கும். அதிலிருந்து நீர் பீச்சினால் கடலுக்குப் போகலாம். பீச்சாவிட்டால் அன்றைய தொழில் கரையோடு முடிந்தது.

அந்த நீரைத் தள்ளுவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் விசிறி. பெயர் இம்பெல்லர். படகு மெக்கானிக் ஆக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பரப்பும் ஆசையைக் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள். முதலில் இம்பெல்லரை ஒழுங்காக மாற்றப் பழகுங்கள். கரையில் பேர் வாங்கித் தருவதும் இந்த வேலைதான், இருக்கிற பேரைக் கெடுப்பதும் இதுதான்.

ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரேடியேட்டர் இருக்கிறது, காற்று இருக்கிறது. படகுக்குக் கடலே ரேடியேட்டர். அவுட்போர்டில், அடியில் இருக்கும் கியர் பாக்ஸின் தலைமேல் தண்ணி பம்பு உட்கார்ந்திருக்கும். மேலிருந்து இறங்கும் ஷாப்ட்தான் அதைச் சுற்றுகிறது. பம்பின் கிண்ணம் ஷாப்டுக்கு நேர் நடுவில் இருக்காது, கொஞ்சம் விலகியிருக்கும். அதில்தான் சூட்சுமம். இம்பெல்லர் சுற்றும்போது ஒரு பக்கம் றெக்கைகள் மடங்கி நீரைப் பிதுக்கும், மறுபக்கம் விரிந்து நீரை உறிஞ்சும். விசைப்படகில் இதே பம்பு இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும். ஆள் படுத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்பதைத் தவிரப் பெரிய வித்தியாசம் கிடையாது.

உள்ளே போகும் கடல்நீர்தான் அந்த ரப்பருக்கு எண்ணெய். நீர் இல்லாமல் சுற்றினால் ரப்பர் உலோகத்தில் உரசிச் சூடேறும், ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே பட்டறையில் என்னை அதிகமாகப் பயமுறுத்தும் வாக்கியம் இது: "சும்மா சத்தம் மட்டும் கேட்டுட்டு ஆஃப் பண்ணிடுறேண்ணே." படகு மணலில் கிடக்கும், இன்ஜின் வெறும் காற்றில் அலறும். கேட்க வந்த சத்தத்தோடு இம்பெல்லரும் போயிருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? கம்பெனிக் கையேடு பொதுவாக இரண்டு கணக்குச் சொல்லும்: இத்தனை மணி நேரம், அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. 100 மணிக்கு ஒருமுறை திறந்து பார் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் உல்லாசப் படகு ஓட்டுபவருக்கு அந்த 100 மணி ஆக ஏறக்குறைய ஓர் ஆண்டு. நம் ஆள் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டுகிறார். அவருக்குப் பதினேழாவது நாளே 100 மணி. ஆனால் நம் கரையில் எல்லோரும் "வருஷத்துக்கு ஒருக்கா" என்பதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நீங்கள் மணியைப் படியுங்கள்.

அதோடு மணலையும் கணக்கில் சேருங்கள். துறைமுகம் இல்லாத ஊர்களில் படகு அலை உடையும் இடத்தைத் தாண்டி நேரே மணலில் ஏறுகிறது. அந்தக் கலங்கல் நீரைத்தான் இன்ஜின் குடிக்கிறது. முகத்துவாரத்து மணல் திட்டு, பாக் நீரிணையின் சேறு, எல்லாம் கிண்ணத்தின் உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி ஆக்கிவிடும். இப்படிப்பட்ட கரையில் கையேட்டுக் கணக்கையும் பாதியாகக் குறைப்பது என் வழக்கம்.

தண்ணி அடிக்கவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். மெல்லிய கம்பி ஒன்றை எடுங்கள். அந்தத் துளையில் உப்புக் கட்டியிருக்கலாம், நாலு நாள் சும்மா கிடந்த இன்ஜின் என்றால் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். குத்திவிட்டதும் பீச்சினால் வேலை முடிந்தது. அடுத்து, அடியில் நீர் உள்ளே போகும் சல்லடையைப் பாருங்கள். பாலித்தீன் பை ஒட்டியிருக்கும், இல்லையென்றால் வலைத்துண்டு. இரண்டும் சுத்தமாக இருந்தால்தான் பம்பைத் திறக்க வேண்டும். பீச்சும் நீரில் கையை வைத்துப் பார்க்கவும் பழகுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுட்டாலோ ஆவி பறந்தாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

திறப்பதில் பாதிச் சண்டை போல்ட்டோடுதான். அலுமினிய உடம்பில் ஸ்டீல் போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் கடித்துக்கொண்டு கிடக்கும். முறுக்கிப் பலம் காட்டினால் தலை கையோடு வரும், உடம்பு உள்ளேயே நிற்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, லேசாகச் சூடு காட்டி, கால் சுற்று இறுக்கி அரைச் சுற்றுத் தளர்த்தி மெதுவாக எடுங்கள். சில மாடல்களில் ஒரு போல்ட், புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் சின்ன வால்துண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அது தெரியாமல் கியர் பாக்ஸைச் சுத்தியால் தட்டி இறக்கப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே ஒருமுறை தட்டியிருக்கிறேன். கழற்றும் முன் அந்த வால்துண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோணம் மாறினால் படகு ஒரு பக்கமாக இழுக்கும்.

கீழே துணி விரித்துவிட்டு இம்பெல்லரை உருவுங்கள். ஷாப்டுக்கும் இம்பெல்லருக்கும் நடுவே நகக்கண் அளவில் ஒரு கீ இருக்கும். மணலில் விழுந்தால் போனது போனதுதான். விசைப்படகுப் பம்பில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பாதீர்கள், கிண்ணத்தின் விளிம்பில் கீறல் விழும். அதற்கென்று இருக்கும் புல்லரைப் போட்டு இழுங்கள்.

இனிதான் கண்ணுக்கு வேலை. ஒவ்வொரு றெக்கையையும் விரலால் பின்பக்கம் வளைத்து அடிவேரைப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். வளைத்த றெக்கை நிமிராமல் அப்படியே நின்றால் அது கிழடு தட்டிவிட்டது. கல் மாதிரி இறுகியிருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லாம் நன்றாக இருந்தும் தண்ணி ஏறவில்லையா? நடுவில் இருக்கும் பித்தளைப் புஷ்ஷை ஒரு கையிலும் ரப்பரை மறு கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். இரண்டையும் ஒட்டிய பசை விட்டிருந்தால் புஷ் தனியாகச் சுற்றும். ஷாப்ட் ஓடும், ரப்பர் சும்மா உட்கார்ந்திருக்கும். பார்க்கப் புதுசு மாதிரி இருப்பதால் பல பேர் இதைத் திரும்ப மாட்டிவிட்டு வேறெங்கோ குற்றம் தேடுவார்கள்.

றெக்கையை எண்ணுவது எல்லாவற்றையும்விட முக்கியம். நான் இதை அடிபட்டுக் கற்றேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். ஒரு விசைப்படகின் இம்பெல்லரை மேஸ்திரி என்னை நம்பி விட்டுவிட்டு வெளியூர் போயிருந்தார். பழையதில் ஆறு றெக்கைக்கு நாலுதான் இருந்தது. புதியதை மாட்டினேன், தண்ணி நன்றாக வந்தது, படகு முதலாளியான சம்மாட்டி டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் படகு பாதி மீன்பாட்டோடு திரும்பியது. மெதுவாக ஓட்டினால் ஒன்றுமில்லை, வேகம் கொடுத்தால் சூடு ஏறுகிறது என்றார் டிரைவர். மேஸ்திரி திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பழசுல எத்தனை றெக்கை இருந்துச்சு?"

"நாலுண்ணே."

"பாக்கி ரெண்டை மீன் தின்னுருச்சா?"

கூலரின் மூடியைக் கழற்றச் சொன்னார். கடல்நீர் போகும் சின்னச் சின்னக் குழாய்களின் வாய் வரிசையாகத் தெரிந்தது. அதன் மேல் கறுப்பாக ரப்பர் துண்டுகள் அப்பிக் கிடந்தன. எடுத்துத் தட்டில் வைத்தேன். இரண்டு இல்லை, ஐந்து. மூன்று எனக்கு முன்னால் இம்பெல்லர் மாற்றியவர்கள் விட்டுவைத்த சொத்து. அதுவரை மிச்சக் குழாய்களை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்த இன்ஜின், என் இரண்டையும் சேர்த்ததும் கையை விரித்துவிட்டது. றெக்கை குறைந்தால் துண்டு கிடைக்கும் வரை தேடுங்கள். விசைப்படகில் பம்பை அடுத்த வளைவிலும் கூலரின் வாயிலும், அவுட்போர்டில் மேலே ஏறும் குழாயிலும் தெர்மோஸ்டாட் அருகிலும் கிடக்கும்.

கிண்ணத்தையும் அடித்தட்டையும் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் மாற்றுங்கள். தேய்ந்த கிண்ணத்தில் புது இம்பெல்லர் போட்டால் முழு அழுத்தம் வராது. கிழிந்த காஸ்கெட்டுக்குப் பதிலாக அட்டையை வெட்டிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் காஸ்கெட்டின் கனம்தான் இம்பெல்லருக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அட்டை கொஞ்சம் தடித்தாலும் பம்பு சோர்ந்துவிடும்.

மாட்டும்போது கிரீஸ் தடவாதீர்கள். கடல்நீருக்கான இம்பெல்லர் பெரும்பாலும் நியோப்ரீன் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதும். சோப்புத் தண்ணீர் போதும், கிளிசரின் இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண அவுட்போர்டின் ஷாப்ட் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுழலும். அதே திசையில் ஷாப்டைத் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை அழுத்தினால் றெக்கைகள் தாமாக மடங்கி உள்ளே போகும். ஓடிய இம்பெல்லரைத் திரும்பப் போடுவதாக இருந்தால் தலைகீழாக மாட்டிவிடாதீர்கள். ஒரு பக்கம் வளைந்து பழகிய றெக்கை மறுபக்கம் வளைந்தால் முறியும்.

கியர் பாக்ஸை மேலே ஏற்றும்போது ஷாப்டின் பல், கியர் கம்பி, தண்ணிக் குழாய் மூன்றும் ஒரே நேரத்தில் தத்தம் இடத்தில் உட்கார வேண்டும். முதல் இரண்டு விலகினால் தானே காட்டிக்கொடுக்கும். குழாய் விலகினால் ஒன்றும் தெரியாது, எல்லாம் அழகாகப் பொருந்தும், தண்ணி மட்டும் ஏறாது. டார்ச் அடித்துப் பார்த்து ஏற்றுங்கள். போல்ட்டுகளுக்கு மட்டும் மெரைன் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை திறக்கப்போவதும் நீங்கள்தான். பிறகு புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, பம்பு மூழ்கும் அளவு நீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி, நியூட்ரலில் கிளப்புங்கள். அரை நிமிடத்துக்குள் பீச்ச வேண்டும். இல்லையென்றால் நிறுத்திவிட்டு மறுபடி இறக்குங்கள், "ஓட ஓட வந்துரும்" என்று சம்மாட்டியைச் சமாதானப்படுத்தாதீர்கள்.

படிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் நல்ல அடித்தளம். மீன்பிடிக் கப்பல் பக்கம் போக நினைத்தால் சிஃப்நெட் என்னும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 1963இல் கொச்சியில் தொடங்கியது, சென்னை ராயபுரத்திலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே மெரைன் ஃபிட்டர் என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. எது படித்தாலும் ஒரு பட்டறையில் ஓராண்டு கை அழுக்காக வேண்டும், அதற்கு மாற்று இல்லை. வேலை மீன்பிடிப் படகோடு நின்றுவிடுவதும் இல்லை. முட்டுக்காடு, பிச்சாவரம் படகுக் குழாம்களிலும், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகளிலும் சுற்றுவது இதே ரப்பர்தான்.

சொந்தமாகத் தொழில் தொடங்கினால் ஒரு நோட்டு வாங்குங்கள். படகின் பெயர், இன்ஜின் மாடல், மாற்றிய தேதி, ஒரு நாளைக்கு எத்தனை மணி ஓட்டம். நம் படகுகள் பலவற்றில் மணிக்கணக்கு மீட்டர் இல்லை, அந்த மீட்டர் உங்கள் நோட்டுதான். "அண்ணே, உங்களுக்கு 200 மணி ஆகப்போகுது, ஞாயித்துக்கிழமை கொண்டாங்க" என்று நீங்களாகக் கூப்பிட்டால், அவர் அதற்குப் பிறகு வேறு பட்டறைப் படி ஏற மாட்டார். கழற்றிய இம்பெல்லரை அவர் கையிலேயே கொடுத்து வெடிப்பைக் காட்டுங்கள். காசு கேட்கும்போது பேச்சு சுருக்கமாக முடியும். "பாடு கிடைச்சதும் தர்றேன்" என்பவர்களையும் அதே நோட்டில் வேறு பக்கத்தில் எழுதுங்கள். கடல் தொழிலில் கடன் இல்லாமல் ஓடாது. ஆனால் உதிரிபாகத்தின் விலையை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுவது என் கொள்கை. கூலிக்குக் காத்திருக்கலாம், கடைக்காரர் காத்திருக்க மாட்டார்.

உதிரிபாகம் வாங்கும்போது பாக எண்ணைப் பாருங்கள். அழிந்திருந்தால் றெக்கை எண்ணிக்கை, வெளிவிட்டம், உயரம், ஷாப்ட் துளை நாலையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கண் அளவில் வாங்கினால் ஒரு மில்லிமீட்டர் உங்களை இரண்டு முறை கடைக்கு நடக்கவிடும். கடையில் பல வருஷம் வெயில்பட்டுக் கிடந்த ரப்பரும் வேண்டாம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் ஒதுங்கி நிற்கும். அசையாமல் நிற்கும் பம்புக்குள் றெக்கை மடங்கியபடியே கிடந்து அப்படியே இறுகிவிடும். ஆகையால் முதல் வாரமே இம்பெல்லரை வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்ததை ஓரமாகப் போடாமல் நூலில் கோத்து இன்ஜின் சாவியிலேயே தொங்கவிடுங்கள். பேட்டரி பார்க்க வந்தவரோ பெயின்ட் அடிக்க வந்தவரோ சாவியைத் திருகப் போனால் கையில் அது தட்டுப்படும். ஜூன் பிறந்ததும் எல்லாச் சம்மாட்டிகளும் ஒரே வாரத்தில் உங்கள் வாசலில் நிற்பார்கள், கடையில் அந்த வாரம் சரக்கு இருக்காது. நோட்டைப் பார்த்து மே முதல் வாரமே ஆர்டர் போட்டுவிடுங்கள், ஓரிரண்டு கூடுதலாகவே.